ஃபுளோரைடு தரவு: இணை அச்சு வரைபடம் உறைந்துபோகிறது

தர்மபுரியிலிருந்து எழுதுகிறேன். பென்னாகரம், பாலக்கோடு பகுதிக் கிணறுகளில் ஃபுளோரைடு எதனுடன் சேர்ந்து உயர்கிறது என்று கண்ணால் பார்த்துத் தேட விரும்புகிறேன். ஒப்பிடுவதற்காக அண்டை மாநிலங்களின் தரவையும் சேர்த்திருக்கிறேன். மொத்தம் 2 லட்சம் வரிசைகள், 24 நெடுவரிசைகள்: ஆழம், கடினத்தன்மை, நைட்ரேட், பி.எச்., பாறை வகை, பருவம் முதலியவை.

மடிக்கணினி விண்டோஸ் 10, 8 ஜி.பி. நினைவகம், தனி கிராஃபிக்ஸ் அட்டை இல்லை. பைத்தான் நிரல்மொழியில் வரைந்த இணை அச்சு வரைபடம் (ஒவ்வோர் அளவீடும் ஒரு செங்குத்து அச்சு, ஒவ்வொரு வரிசையும் அவற்றைக் கடக்கும் ஒரு கோடு) உலாவியில் திறக்கிறது. ஆனால் ஓர் அச்சில் சிறு பகுதியைத் தேர்ந்தெடுத்ததும் திரை உறைந்துவிடுகிறது. கோடுகளும் ஒரே கறுப்புப் பட்டையாகத் தெரிகின்றன. போன மாதம் புதிய தரவைச் சேர்த்ததிலிருந்தே இந்தத் தொல்லை.

எக்செலில் இதை வரைய ஒவ்வொரு வரிசையும் ஒரு தொடராக வேண்டும்; ஆனால் அது ஒரு வரைபடத்தில் 255 தொடர்களுக்கு மேல் ஏற்காது. பல அளவீடுகளைச் சில கூட்டு அளவுகளாகச் சுருக்கும் முதன்மைக் கூறு பகுப்பாய்வில் புள்ளிகள் பிரிந்தன, ஆனால் எந்த அளவீடு பிரித்தது என்பது புரியவில்லை. எழுந்தமானமாக 5,000 வரிசைகளை எடுத்தால் எல்லாம் வேகமாக நகர்கிறது. ஆனால் ஃபுளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டும் அரிய கிணறுகள் பலவும் அதில் விடுபடுகின்றன. பிள்ளைகளின் பல்லையும் எலும்பையும் கெடுக்கும் கிணறுகள் அவைதாம். அவற்றை விட்டுவிட்டு இந்த வேலையைச் செய்வதில் பொருளே இல்லை.

அச்சில் ஒரு பகுதியைத் தேர்ந்தெடுத்ததும் அந்தக் கிணறுகள் நிலப்படத்திலும் உடனே ஒளிரும்படி, 2 லட்சம் வரிசைகளையும் இதே கணினியில் தாங்கும் இலவசக் கருவி எது?