வாற்குடல் நீர்க்கட்டியா, வால்குடல் பையா?

அன்புள்ள குழுவினருக்கு,

அறுவைக்கு முன் நோயாளி கையெழுத்திடும் ஒப்புதல் படிவத்தை மொழிபெயர்க்கிறேன். நாளைக் காலை கொடுத்தாக வேண்டும். 'டெயில்கட் சிஸ்ட்' என்ற இடத்தில் நிற்கிறேன். கருவுக்கு முதல் வாரங்களில் வால் உண்டு. குடலின் நுனி அதற்குள்ளும் நீளும். 8ஆம் வாரத்துக்குள் அது மறைய வேண்டும். மறையாத மிச்சம், மலக்குடலுக்கும் முதுகெலும்பின் அடியிலுள்ள திருவெலும்புக்கும் நடுவே பிற்காலத்தில் பெரிதாகிறது. 'வால்குடல் நீர்க்கட்டி' என்று எழுதியிருக்கிறேன். சரியா?

---

வாலின் குடல் என்று விரிவதால் வாற்குடல்தான். பால் + கடல் பாற்கடல் ஆகவில்லையா? அப்புறம், 'சிஸ்ட்' கிரேக்கத்தில் பையைக் குறித்த சொல். 'கட்டி' என்பது இறுகியதைச் சொல்வது: வெல்லக்கட்டி, மண்ணாங்கட்டி. நீர் இறுகினால் பனிக்கட்டி. ஆகவே வாற்குடற்பை.

---

சொற்புணர்ச்சி எப்படியும் இருக்கட்டும் ஐயா, அறுவை செய்கிறவன் என்ற முறையில் எனக்கும் 'கட்டி'தான் உறுத்துகிறது. சீழ்க்கட்டி, பவுத்திரம் என்று நினைத்து இரண்டு மூன்று முறை கீறிவிட்ட பிறகே வருகிறவர்கள் உண்டு. விரல் விட்டுப் பார்த்தால் மலக்குடலின் பின்சுவர் மெத்தென்று உள்ளே தள்ளியிருக்கும். எம்.ஆர்.ஐ.யில் பெரும்பாலும் பல அறைகள் தெரியும். தொற்று வரலாம், உள்ளிருப்பது சிந்தலாம் என்பதால் ஊசி குத்தி மாதிரி எடுப்பதைப் பொதுவாகத் தவிர்க்கிறோம். கீழே இருந்தால் பின்புறம் வழியாகவும், மேலே ஏறியிருந்தால் வயிற்று வழியாகவும், கிழியாமல் முழுதாக எடுக்க வேண்டும். மிச்சம் வைத்தால் திரும்ப வரும். சிலருக்கு அதில் புற்றும் தோன்றும். 'கட்டி' என்று படித்தவர், கீறிவிட்டால் போதாதா என்றுதான் கேட்பார்.

---

ஆனால் 'பை' என்று எழுதிப் பாருங்கள். மலக்குடல் அறுவைக்கு வருகிறவருக்கு முதல் பயமே, மலம் சேர வயிற்றில் பை வைத்துவிடுவார்களோ என்பதுதான். என் அம்மா அதைத்தான் கேட்டார். சினைப்பை நீர்க்கட்டி எல்லாருக்கும் தெரிந்த சொல். அதையே வைத்துக்கொள்ளலாம்.

---

நன்றி. எழுதியவர்கள் இரு பக்கமாக இருக்கிறீர்கள். நேரமும் இல்லை. படிவத்தில் 'வால்குடல் நீர்க்கட்டி' என்றே போட்டு, 'பிறவியில் தங்கிய மிச்சம். கீறி வடித்தால் தீராது, முழுதாக எடுக்க வேண்டும்' என்று அடுத்த வரியில் சேர்த்துவிட்டேன்.

---

நீர்க்கட்டியைப் பொறுத்துக்கொள்கிறேன். 'வால்குடல்' என்பதை மட்டுமாவது 'வாற்குடல்' என்று திருத்துங்கள் அம்மா. இன்னும் அச்சுக்குப் போகவில்லையே?