கூட்டாளிமாரோடு சாப்பிட்ட இரவுகள்: உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

கொக்குவில் திண்ணை:

எங்கள் கூட்டத்தில் வெள்ளிக்கிழமை இரவு என்றால் புட்டுத்தான். யாருடைய வீட்டில் என்பது மட்டும் வாரத்துக்கு வாரம் மாறும். வெள்ளி என்பதால் மீனுக்கு இடமில்லை. புட்டு, ஒரு குழம்பு, ஒரு பொரியல், பழம். அதற்கு மேல் எதுவும் வைக்கக் கூடாது என்று சட்டம் போட்டிருக்கிறோம். விருந்து என்று பெயர் வந்துவிட்டால் இந்த ஊரில் போட்டியும் கூடவே வந்துவிடும். ஒருத்தி வடை சுட்டால் அடுத்த வாரக்காரி பாயாசமும் காய்ச்சுவாள், அதற்கடுத்த வாரக்காரிக்குத் தலையிடி வந்து கூட்டமே நின்றுபோகும். இப்படி நின்றுபோன கூட்டங்களை நான் கண்டிருக்கிறேன்.

சாப்பாட்டுக்கு முன்னால் கைவேலை. இதை யாரும் திட்டமிடவில்லை. தென்மராட்சிப் பக்கத்துக் கூட்டாளி ஒருத்தியின் தாயார் ஒரு வெள்ளி எங்களோடு இருந்தார். அலுமினியப் பானைக்கு மேல் நாங்கள் வைத்திருந்த குழலைப் பார்த்தார், ஒன்றும் பேசாமல் சாப்பிட்டுவிட்டுப் போனார். அடுத்த வெள்ளி ஒரு கட்டுச் சார்வோலையோடு (இளம் பனையோலை) வந்து நின்றார். அன்று தொடங்கியது, புட்டு அவிக்கிற கூம்பு ஓலைப்பெட்டியான நீத்துப்பெட்டி இழைப்பு. ஓலையை ஒரே அகலத்தில் வார்வதற்கே எங்களுக்குப் பல கிழமைகள் பிடித்தன. கூம்பின் நுனியை மூடி எடுப்பது அதைவிடக் கடினம், அந்த இடத்தில் பேச்சு தானாகவே நின்றுவிடும். கைக்கு வேலை இருக்கும்போது வாய் உண்மையைப் பேசுகிறது என்பது என் அபிப்பிராயம். மகனின் படிப்பு, மாமியாரின் மூட்டுவலி, காணிப் பிரச்சினை எல்லாம் ஓலையைப் பார்த்துக்கொண்டே வெளியில் வந்தன. முகத்துக்கு நேரே இருந்து தேநீர் குடித்திருந்தால் வந்திருக்காது.

ஓலையில் அவித்த புட்டுக்கு ஒரு வாசம் உண்டு. மாவைக் குழைத்துப் பேணியால் கொத்தி, தேங்காய்ப்பூச் சேர்த்து, நீத்துப்பெட்டியில் நிரப்பிப் பானையின் வாயில் வைத்தால், ஆவி ஓலையின் இடுக்குகளால் ஏறுகிறது. அதிகம் தண்ணீர் கோத்துக்கொள்வதில்லை, உதிரி உதிரியாக வரும். குழல்காரர்கள் கோபிக்க வேண்டாம்.

உங்கள் கதைகளைச் சொல்லுங்கள்.


கோட்டைக் கிறுக்கன்:

நாங்கள் படம் வரைகிறவர்கள். ஞாயிறு காலை யாழ்ப்பாணக் கோட்டை, பண்ணைப் பாலத்தடி, மணிக்கூட்டுக் கோபுரம் என்று எங்கேயாவது நிலத்தில் இருந்து வரைவோம். ஓவியக் கல்லூரியில் படித்தவர் எங்களில் ஒருவரும் இல்லை. வங்கிக்காரர், மருந்தகத்தில் நிற்கும் ஒரு தம்பி, ஓய்வுபெற்ற கணித ஆசிரியை ஒருவர், நான்.

கோட்டையை வரைய வருகிற புதியவர்கள் எல்லோரும் ஒரே ஏமாற்றத்தைத்தான் அடைகிறார்கள். போர்த்துக்கேயர் கட்டியதை 1658இல் ஒல்லாந்தர் பிடித்து ஐங்கோணமாக மாற்றிக் கட்டினார்கள் என்று பள்ளியில் படித்திருப்பார்கள். நேரில் வந்தால் நீண்ட ஒரு மதில், அகழி, வெயில். ஐங்கோணம் வானத்திலிருந்து பார்க்கிறவனுக்குத்தான் தெரியும். ஆசிரியை மட்டும் காலடி எண்ணி நடந்து கோணங்களைத் தாளில் போட்டுக் காட்டினார். படம் அழகாக இல்லை, ஆனால் சரியாக இருந்தது.

பிறகு மலாயன் கபேக்குப் போவோம். வாழையிலையில் சோறு, மரக்கறி, பப்படம். சாப்பிட்டு முடிந்ததும் இலையை நாமே மடித்துச் சுவரிலுள்ள துவாரத்துக்குள் போட வேண்டும். கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த எங்கள் பழைய வகுப்புத் தோழன் இலையைக் கையில் வைத்துக்கொண்டு முழித்தான். மேசை துடைக்க வந்த ஐயா, "தம்பி, அங்கே போடுங்கோ" என்றார். அவன் போட்ட விதத்தை மருந்தகத் தம்பி வரைந்துவிட்டான். அந்தத் தாள் இப்போது ஸ்காபரோவில் ஒரு வீட்டுச் சுவரில் தொங்குகிறது.

காசு கொடுக்கிற சண்டையைப் பற்றி எழுதத் தனியிடம் வேண்டும். எங்களில் ஒருவர் கை கழுவப் போகிறேன் என்று எழும்பினால் மற்ற எல்லோரும் எழும்புகிறோம்.


சுன்னாகம் வாசகி:

ஒரு சின்னக் குறை மட்டும். சாப்பாடு வந்ததும் தொலைபேசியை எடுத்து எல்லாப் பக்கத்தாலும் படம் பிடிக்கிற கூட்டாளிமார் உங்களிடம் இல்லையா? எங்களிடம் இருக்கிறார்கள். இடியப்பம் ஆறிப்போனால் நார்போல் ஆகிவிடும். வரைகிறவர்கள் சாப்பிட்ட பிறகுதானே வரைகிறார்கள், அது பரவாயில்லை.


குருநகர்க் கூழ்ப்பானை:

புட்டும் சோறும் நல்லதுதான். ஆனால் ஒரு கூட்டத்துக்குக் கூழ் காய்ச்சாதவனுக்குக் கூட்டாளிமாரை இன்னும் தெரியாது என்றே சொல்வேன்.

ஒடியல் கூழ், அதாவது காயவைத்த பனங்கிழங்கு மாவில் காய்ச்சுகிற கூழ், ஓராளுக்கு, ஈராளுக்குக் காய்ச்சுகிற சாமானே இல்லை. பெரிய பானை, விறகு, முற்றம், குறைந்தது பத்து வாய் வேண்டும். விடிய நான் சந்தைக்குப் போய் நண்டு, இறால், கணவாய், மீன்தலை வாங்குவேன். ஒருவன் பயற்றங்காயும் மரவள்ளிக்கிழங்கும் வெட்டுவான், இன்னொருவன் பலாக்கொட்டை உரிப்பான். ஒடியல்மா அதற்கு முன்பே தண்ணீரில் ஊறிக்கொண்டிருக்கும். மேலே தெளிந்த தண்ணீரை ஊற்றி மாற்றாவிட்டால் கசப்புப் போகாது, அந்தப் பொறுப்பை நான் எவரிடமும் கொடுப்பதில்லை.

சண்டை பிடிக்க இதில் நிறைய இடமுண்டு. எங்கள் கூட்டத்தில் இரண்டு கட்சி. ஒரு கட்சி, பழப்புளியில் மாவைக் கரைத்துக் கடைசியில் ஒரேயடியாக ஊற்ற வேண்டும் என்கிறது. மற்றது, புளியை முதலில் விட்டு மாவைத் தனியாகக் கரைத்து மெல்ல மெல்ல விட வேண்டும் என்கிறது. நான் முதலாம் கட்சி. ஆனால் எந்தக் கட்சியாக இருந்தாலும் அகப்பையை நிறுத்தக் கூடாது. மா ஊற்றிய பிறகு யாராவது அரசியல் பேசத் தொடங்கினால் அடிப்பிடித்துவிடும். அகப்பை பிடிக்கிறவனுக்கு அந்நேரம் எங்கள் வீட்டில் சனாதிபதியைவிட அதிகாரம்.

2022இல் எரிவாயு இல்லாமல், மின்சாரமும் மணிக்கணக்கில் நின்றபோது கூழ்தான் எங்களைச் சேர்த்து வைத்தது. விறகு இருந்தவன் விறகு கொண்டு வந்தான். கடலுக்குப் போக மண்ணெண்ணெய் கிடைத்த நாளில் மீன் வந்தது, கிடைக்காத நாளில் மரக்கறிக் கூழ். நண்டில்லாத கூழை அதுவரை பழித்துப் பேசியவர்கள் இரண்டாம் தரமும் வாங்கிக் குடித்தார்கள்.

குடிக்கிறது பலாவிலையைக் கோலித்தான், கிடைத்தால் பனையோலைப் பிளா. பக்கத்தில் தேங்காய்ச் சொட்டு. முடிந்ததும் யாராவது இஞ்சித் தேநீர் கேட்டால் என் அம்மா விடமாட்டார்: மரவள்ளியும் இஞ்சியும் ஒரு வயிற்றில் சேரக் கூடாதாம். உண்மையோ பொய்யோ, அம்மா இருக்கும் வரை எங்கள் வீட்டில் வெறும் தேநீர்தான்.

நல்லூர்த் திருவிழா 25 நாளும் பானை கவிழ்ந்திருக்கும். எங்கள் கூட்டத்தில் கத்தோலிக்கரும் சைவரும் பாதிப் பாதி. ஆனாலும் அந்த நாட்களில் யாரும் நண்டைப் பற்றிப் பேசுவதில்லை. மாலையில் கோயில் வீதியில் கச்சான் வாங்கிக்கொண்டு ரியோவில் ஐஸ்கிரீம் குடித்துவிட்டு வருவோம்.


வல்வைக் காற்று:

எங்கள் கதை மார்கழியில் தொடங்கித் தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறை உதயசூரியன் கடற்கரையில் பட்டம் ஏற்றுவதோடு முடிகிறது. பட்டம் கட்டுகிறவர்களுக்கு இரவுச் சாப்பாடு என்று ஒன்று தனியாகக் கிடையாது. மூங்கில் சீவுவதும் தாள் ஒட்டுவதும் நடுச்சாமம் வரை போகும். சந்தியிலிருந்து கொத்து ரொட்டிப் பொதி வரும், ஆளுக்கு ஒரு பக்கத்தால் கை வைப்போம். ஒட்டுகிற பசையும் கோதுமை மா, ரொட்டியும் கோதுமை மா. ஒரு முறை இருட்டில் எங்கள் தம்பி ஒருவன் பசைச் சட்டிக்குள் ரொட்டியைத் தோய்த்துவிட்டு "குழம்பில் உப்பில்லை" என்றான்.

பெரிய பட்டத்துக்கு முச்சை, அதாவது நூலைப் பட்டத்தோடு பிணைக்கிற கயிறுகள், கட்டுவது வயதானவர்கள் கையில். அதில் ஒரு விரல் அளவு பிழைத்தாலும் பட்டம் தலைகுத்தும். பட்டத்தைக் கூவ வைக்கிற விண் பூட்டுவது என் வேலை: மூங்கில் வில்லில் நாரை இழுத்துக் கட்டி, வீசிப் பார்த்து, கூவல் பிடிக்கும் வரை நாரை மாற்றிக்கொண்டே இருப்பேன். அக்கம்பக்கத்தார் திட்டுவார்கள். பொங்கலன்று அவர்களேதான் கடற்கரையில் முன்வரிசையில் நிற்பார்கள்.


கொக்குவில் திண்ணை:

குருநகர் அண்ணை, உங்கள் கூழுக்கு நாங்கள் பிளா கோலித் தருகிறோம், ஓலை எங்களிடம் மிச்சம் இருக்கிறது. வெள்ளி மட்டும் வேண்டாம், சனி பின்னேரம் என்றால் எல்லோரும் வருவோம். நண்டு சாப்பிடாத மூவருக்கு ஒரு சின்னப் பானையைத் தனியாக வையுங்கள். புளியைப் பற்றி நான் இரண்டாம் கட்சி, அதை அங்கே வந்து பேசிக்கொள்வோம்.


குருநகர்க் கூழ்ப்பானை:

வாருங்கள் தங்கச்சி. சனி நான்கு மணிக்கு உலை வைப்பேன். இரண்டாம் கட்சிக்காரர் பலாக்கொட்டை உரிக்கலாம், அகப்பை கிடைக்காது.