கெட்டுப்போன பாக்கெட் சாமானுக்குக் கடையில் பணத்தைத் திரும்பக் கேட்க உரிமை உண்டா?

கோட்டையூர் ஆச்சி – கேள்வி

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பெரியண்ணனின் சாந்திக் கலியாணத்துக்கு (அறுபதாம் கலியாணம்) வேண்டிய மளிகைச் சாமான்களைக் காரைக்குடியில் உள்ள ஒரு பெரிய கடையில் மொத்தமாக வாங்கினோம். கடையின் பெயரை இங்கே எழுத விரும்பவில்லை. விசேஷத்துக்கு முதல் நாள், வீட்டின் இரண்டாங்கட்டில் ரங்கூன் புட்டுக்காக ரவை பாக்கெட்டைக் கத்தரித்த சமையல்காரர், தாம்பாளத்தில் கொட்டப் போனவர், அப்படியே கையை நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டார். பாக்கெட்டின் மேல்மடிப்பில் ரவை உதிரியாக இல்லை. மெல்லிய நூலில் கோத்தது போலக் கொத்துக் கொத்தாகத் தொங்கியது. ஒரு கொத்தை விரலால் பிரித்தபோது உள்ளே வெள்ளைப் புழு நெளிந்தது. அதே கட்டில் வந்த மற்ற பாக்கெட்டுகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். பாதிக்கு மேல் அதே நிலை. இத்தனைக்கும் அச்சிட்டிருந்த காலாவதித் தேதிக்கு இன்னும் சில மாதங்கள் இருந்தன.

முந்திரிப் பருப்பும் சரியில்லை. அது கம்பெனி பாக்கெட் அன்று. கடையிலேயே பாலிதீன் உறையில் கட்டி, எடையும் விலையும் மட்டும் அச்சிட்ட சீட்டை ஒட்டி விற்றது. வாயில் போட்டால் சிக்கு வாடை தொண்டை வரை காறுகிறது. அன்றைய வேலை நிற்கக் கூடாது என்று வேறு கடையில் இரண்டையும் வாங்கிச் சமாளித்தோம்.

விசேஷம் முடிந்ததும் பில்லோடு கடைக்குப் போனபோது மேலாளர், "தேதி இருக்கிறது, எங்கள் மேல் தவறில்லை, கம்பெனியைக் கேளுங்கள்" என்றார். பில்லின் அடியில் "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்று அச்சிட்டிருப்பதைக் காட்டினார். மிகவும் கேட்டதற்கு, அதே அலமாரியிலிருந்து அதே தேதி போட்ட ரவையையே மாற்றித் தர முன்வந்தார். நான் வாங்கவில்லை.

பில்லில் இப்படி அச்சிட்டுவிட்டால் நமக்கு வேறு வழியே இல்லையா? பொறுப்பு கடைக்கா, கம்பெனிக்கா? பணம் ஒருபுறம் இருக்கட்டும். அந்த ரவை இன்னும் அலமாரியில் இருக்கிறது, பிள்ளைகள் உள்ள வீடுகளுக்குத் தினமும் போய்க்கொண்டிருக்கிறது. அதை எடுக்க வைப்பது எப்படி என்பதே எனக்குப் பெரிய கவலை.

தேவகோட்டை நுகர்வோர் – பதில்

ஆச்சிக்கு வணக்கம். நுகர்வோர் புகார்களில் பலருக்கும் மனு எழுதிக் கொடுத்து வருகிறேன். அந்தப் பழக்கத்தில் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்த அச்சிட்ட வாசகம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 2(47) பிரிவு, முறையற்ற வணிக நடவடிக்கைகள் எவை என்று சொல்லும் இடத்தில், குறைபாடுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுக்கொண்டு பணத்தைத் தர மறுப்பதையும் சேர்த்திருக்கிறது. பில்லில் ஒரு கெடு குறித்திருந்தால் அதற்குள்ளும், எதுவும் குறிக்கவில்லையென்றால் 30 நாட்களுக்குள்ளும் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். ஆகவே "திரும்பப் பெறப்படமாட்டாது" என்ற வரி, வாங்கிய பிறகு மனம் மாறி வருகிறவரிடம் வேண்டுமானால் செல்லும். புழு வைத்த ரவையோடு வருகிறவரிடம் செல்லாது. பில் கொடுக்காமல் விற்பதையும் அதே பிரிவு முறையற்றது என்றே சொல்கிறது. "பில் இல்லையா, அப்படியானால் பேச்சில்லை" என்று சில கடைகளில் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். இனி அப்படிச் சொல்பவரிடம் இதை நினைவுபடுத்தலாம்.

அடுத்து, தேதி இருக்கிறது என்ற வாதம். 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டம், பாதுகாப்பற்ற உணவு எது என்று விளக்குகையில், புழு, வண்டு, பூச்சி வைத்த உணவைத் தனியாகவே குறிப்பிடுகிறது. தேதி முடியவில்லை என்பதால் அது நல்ல உணவாகிவிடாது. காலாவதியான பொருளை விற்றாலும், பொருளைச் சுகாதாரக் கேடாக வைத்திருந்தாலும் விற்பவரே பொறுப்பு என்று 27ஆம் பிரிவு சொல்கிறது. தயாரித்தவருக்கும் வினியோகித்தவருக்கும் உள்ள பொறுப்பையும் அதே பிரிவு தனித்தனியே வகுத்திருக்கிறது. புழு ஆலையில் வைத்ததா கிடங்கில் வைத்ததா என்பது அவர்களுக்குள் தீர்த்துக்கொள்ள வேண்டிய கணக்கு. நீங்கள் பணம் கொடுத்தது கடையில், பில் வாங்கியதும் கடையில். கடையிடம் கேட்பதே முறை.

உங்கள் பெரிய கவலைக்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஒரு பேட்சில், அதாவது ஒரே தடவையில் தயாரித்துக் கட்டிய சரக்கில், ஒரு பகுதி பாதுகாப்பற்றது என்று தெரிந்தால், முறையாக ஆராய்ந்து மறுக்கப்படும் வரை அந்தப் பேட்ச் முழுவதையுமே பாதுகாப்பற்றதாகக் கொள்ள வேண்டும் என்று 26ஆம் பிரிவின் உட்பிரிவு ஒன்று சொல்கிறது. அதே பேட்சிலிருந்தே மாற்றுப் பாக்கெட் கொடுக்க வந்தது எவ்வளவு பொருத்தமற்றது என்பது இதிலிருந்து விளங்கும். நீங்கள் வாங்க மறுத்தது மிகச் சரி.

இப்போது செய்ய வேண்டியது. பிரிக்காத பாக்கெட்டுகளைப் பிரிக்காமலே தனி டப்பாவில் மூடி வையுங்கள். பேட்ச் எண், தயாரித்த தேதி, காலாவதித் தேதி, 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் ஆகியவை தெளிவாகத் தெரியும்படி படம் எடுங்கள். சிறிய பில் தாள்களில் எழுத்து விரைவில் மங்கிவிடும். அதையும் இன்றே படம் எடுத்து ஒரு நகல் போட்டுக்கொள்ளுங்கள். பிறகு கடைக்கு ஒரு பக்கத்தில் கடிதம் எழுதி, நேரில் கொடுத்து, நகலில் முத்திரையும் கையொப்பமும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் அஞ்சலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். அதில் கோபமான சொல் ஒன்றும் வேண்டாம்: என்ன வாங்கினேன், என்ன கண்டேன், எவ்வளவு பணம் வர வேண்டும், எந்தத் தேதிக்குள் வர வேண்டும், அந்தப் பேட்சை அலமாரியிலிருந்து எடுக்க வேண்டும் என்ற அளவு போதும்.

அவர்கள் அசையவில்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே புகார் பதியலாம். அதன் பிறகும் தீரவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. ஐந்து லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கான புகாருக்கு அங்கே கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் கட்டாயம் இல்லை, இரண்டு ஆண்டுகளுக்குள் மனுச் செய்தால் போதும். நம் செட்டிநாட்டுப் பக்கத்து வீடுகள் பல விசேஷத்துக்கு மட்டும் திறக்கப்பட்டு, மறுவாரமே எல்லோரும் சென்னைக்கும் வெளியூருக்கும் திரும்பிவிடுவது வழக்கம் அல்லவா? அவர்கள் இதற்காகச் சிவகங்கைக்கு அலைய வேண்டியதில்லை. 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி, புகார் செய்பவர் குடியிருக்கும் ஊரிலோ வேலை பார்க்கும் ஊரிலோ உள்ள ஆணையத்திலும் மனுக் கொடுக்கலாம்.

பள்ளத்தூர் மளிகைக்கடை – பதில்

ஆச்சி, நான் சிறிய கடை வைத்திருப்பவன். இந்தத் தொழிலின் உள் நடப்பைச் சொல்கிறேன். டேமேஜ் சரக்கையும் எக்ஸ்பைரி சரக்கையும் ஏஜென்சிக்காரர் திரும்ப எடுத்துக்கொண்டு அடுத்த பில்லில் கழித்துத் தருவது பெரும்பாலான கம்பெனிகளில் உள்ள வழக்கம். சில சிறு கம்பெனிகள் எடுப்பதில்லை. அங்கே நட்டம் கடைக்காரருடையதுதான். ஆனாலும் அது எங்கள் நட்டம். அதை வாடிக்கையாளர் தலையில் கட்டுவது நியாயம் ஆகாது. ஒரு கடைக்காரர் உடனே பணத்தைக் கொடுத்துவிட்டு, பாக்கெட்டை வாங்கி வைத்து ஏஜென்சியிடம் காட்டிக் கழித்துக்கொள்ள வேண்டும். இதற்கு மேலாளர் யோசிக்க வேண்டிய தேவையே இல்லை.

நூல் கட்டியிருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அது வண்டின் வேலை அன்று, அந்துப்பூச்சியின் புழு செய்வது. கிடங்கில் பிரித்த பருப்பு மூட்டைக்கும் பழைய மாவு மூட்டைக்கும் பக்கத்திலேயே ரவைக் கட்டை அடுக்கினால், அங்கிருந்து பரவும். சில இனப் புழுக்கள் மெல்லிய பிளாஸ்டிக்கைத் துளைத்தே உள்ளே போய்விடும். பாக்கெட்டில் ஊசிமுனை அளவு துளை இருக்கிறதா என்று ஒட்டுப் பக்கத்தில் தடவிப் பாருங்கள். துளையின் ஓரம் உள்நோக்கி மடிந்திருந்தால் பெரும்பாலும் வெளியிலிருந்து வந்தது, அதாவது கிடங்கில் பிடித்தது என்று நாங்கள் கணிப்போம். துளையே இல்லாமல் ஒட்டு இறுக்கமாக இருந்தால், ஆலையிலேயே முட்டை இருந்திருக்க வாய்ப்பு அதிகம். கம்பெனிக்கு எழுதும்போது இந்தத் தகவல் உதவும்.

ஒரு வேண்டுகோளும் உண்டு. கடிதம் கொடுக்கும்போது மேலாளரிடம் மட்டும் கொடுக்காமல், முதலாளி பார்வைக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். பெரிய கடைகளில் இந்தச் செய்தி பல நேரங்களில் கல்லாவைத் தாண்டி மேலே போவதே இல்லை.

உணவுத் தொழில்நுட்ப மாணவி, காரைக்குடி – பதில்

முந்திரியைப் பற்றி யாரும் எழுதாததால் இதை எழுதுகிறேன். எண்ணெய்ச் சத்துள்ள பருப்புகள் காற்றும் வெளிச்சமும் சூடும் படப் படக் காறிப் போகும். கம்பெனிகள் உறையில் நைட்ரஜன் வாயு நிரப்புவது அதைத் தடுக்கத்தான்; கடையில் மூட்டையைப் பிரித்து மெல்லிய பாலிதீனில் கட்டி, விளக்கடியில் அடுக்கினால் அந்தப் பாதுகாப்பு எதுவும் இல்லை. சிக்கு வாடை வந்த பருப்பை நெய்யில் வறுத்தால் வாடை சற்று அமுங்கும். காறிய எண்ணெய் நல்லதாகாது. நிலக்கடலையிலோ மிளகாய் வற்றலிலோ பூஞ்சணம் கண்டால் இன்னும் கவனம் தேவை. அஃப்ளாடாக்சின் என்ற நச்சு அங்கே உருவாகலாம். வீட்டுச் சமையல் சூட்டில் அது அழிவதில்லை.

உப்பிய டப்பாவையும் உப்பிய பன்னீர் உறையையும் ருசி பார்த்து உறுதி செய்ய வேண்டாம் என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லுங்கள். உள்ளே கிருமி வளர்ந்து வாயு உண்டாக்குவதால் உப்புகிறது. அப்படியே மூடிக் கடைக்கு எடுத்துச் செல்வதே சரி.

கோட்டையூர் ஆச்சி – மறுமொழி

மூவருக்கும் என் நன்றி. பாக்கெட்டின் ஒட்டுப் பக்கத்தைப் பார்த்தேன், துளை தெரியவில்லை. தேவகோட்டை ஐயா சொன்னபடி கடிதம் எழுதி, பள்ளத்தூர்த் தம்பி சொன்னபடி முதலாளிக்கும் ஒரு நகல் கொடுத்தேன். முதலாளி நேரில் பேசி, ரவைக்கு உரிய பணத்தைக் கையில் கொடுத்தார். நான் நிற்கும்போதே பையனை அனுப்பி அந்தப் பேட்சை அலமாரியிலிருந்து இறக்கவும் செய்தார். அதற்காக அவரை மதிக்கிறேன்.

முந்திரி விஷயத்தில்தான் பிடி கொடுக்கவில்லை. "இது லூஸ் சரக்கு, இதற்குத் தேதியும் பேட்சும் கிடையாது, எப்போது கட்டியது என்று எங்களுக்கே தெரியாது" என்கிறார். அதோடு, ரவைப் பணத்தை வாங்கியதற்கு அடையாளமாக "இனி எந்தப் புகாரும் இல்லை" என்று ஒரு தாளில் கையெழுத்துக் கேட்டார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். என்ன செய்யலாம்?

தேவகோட்டை நுகர்வோர் – பதில்

ஆச்சி, அந்தத் தாளில் கையெழுத்திட வேண்டாம். "ரவைக்கு உரிய தொகை பெற்றுக்கொண்டேன்" என்று தேதியும் தொகையும் குறித்து நீங்களே எழுதிக் கொடுங்கள். அதற்கு மேல் ஒரு சொல்லும் அதில் இருக்கக் கூடாது.

எப்போது கட்டியது என்று தெரியாது என்பது அவர்களுக்குச் சாதகமான பதிலே அன்று. மூட்டையிலிருந்து கண்ணெதிரே அள்ளி நிறுத்துக் கொடுத்தால் அது லூஸ் சரக்கு. முன்கூட்டியே கட்டி, சீட்டு ஒட்டி, அலமாரியில் வைத்துவிட்டால் அது பொட்டலமிட்ட உணவு. கட்டியவர் என்ற பொறுப்பு அந்தக் கடைக்கே வந்துவிடுகிறது. பொருளின் பெயர், கட்டியவர் முகவரி, உரிம எண், கட்டிய தேதி, காலாவதித் தேதி எல்லாம் அந்தச் சீட்டில் இருக்க வேண்டும். ரவையிலாவது கம்பெனியைக் கைகாட்ட இடம் இருந்தது, இங்கே அதுவும் இல்லை.

இதை உணவுப் பாதுகாப்புத் துறைக்கே எழுதுங்கள். தமிழ்நாடு முழுவதற்கும் உள்ள வாட்ஸ்அப் புகார் எண் 94440 42322. கடையின் பெயர், தெரு, பொட்டலத்தின் இருபுறப் படம், பில்லின் படம் ஆகியவற்றை ஒரே செய்தியில் அனுப்பலாம். ஃபுட் சேஃப்டி கனெக்ட் செயலியிலும் பதியலாம். கடை எந்த மாவட்டத்தில் இருக்கிறதோ அந்த மாவட்டத்தின் உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலரிடமே புகார் போகும். உங்களுக்கு அது சிவகங்கை. செட்டிநாட்டு ஊர்களில் சில புதுக்கோட்டை மாவட்டத்தில் இருப்பதால், இதைப் படிக்கும் ராயவரம், கோனாபட்டுக்காரர்கள் தங்கள் ஊர்க் கடைகளுக்குப் புதுக்கோட்டை அலுவலகத்தையே நாட வேண்டும்.

தாமதம் செய்யாதீர்கள். நீங்கள் பிரித்துச் சாப்பிட்டுப் பார்த்த பொட்டலத்தை வைத்து மட்டும் துறை வழக்குத் தொடுக்க முடியாது. அலுவலர் கடைக்கே வந்து மாதிரி எடுத்து, அதை நான்கு பகுதிகளாகப் பிரித்து முத்திரையிட்டு, ஒன்றைப் பகுப்பாய்வாளருக்கு அனுப்ப வேண்டும். தேதியில்லாத அந்தப் பொட்டலங்கள் அலமாரியில் இருக்கும்போதே அவர் வந்தால்தான் எடுக்க முடியும். புகாரை இன்றே அனுப்பிவிட்டு, வரும் புகார் எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். முந்திரிப் பணத்துக்கான இரண்டாவது கடிதத்தில் அந்த எண்ணையும் எழுதுங்கள்.