பாலைவனத்துக்கு எதுக்கும்மா ஸ்வெட்டர்?

ஏற்காட்டுப் பையன்:

நமீபியா கிளம்புறதுக்கு முந்தின நாள் அம்மா போன்ல, "ஸ்வெட்டர் எடுத்து வச்சியா?"ன்னாங்க. "பாலைவனத்துக்கு எதுக்கும்மா ஸ்வெட்டர்"னு சிரிச்சேன். அப்ப தென்னாப்பிரிக்காவுல ஒரு செமஸ்டர் படிக்கப் போயிருந்தேன். அங்கிருந்து வகுப்போட எட்டு நாள் பயணம். ஏற்காட்டுல பொறந்தவன் குளிரைப் பத்தி அம்மாகிட்ட வாயாடக் கூடாதுங்க.

தங்கினது குய்செப் ஆத்தோரம், கோபாபெப் ஆராய்ச்சி நிலையத்துல. 1962லேர்ந்து இருக்கு. வருஷத்துக்குச் சராசரி மழையே 25 மில்லிமீட்டர் சொச்சம்தான். சேலத்துல கோடை மழை பிடிச்சா ஒரே சாயங்காலத்துல அவ்வளவு கொட்டிரும். ஆனா கடல்ல ஓடுற பெங்குவேலா குளிர் நீரோட்டத்தால பனிமூட்டம் உள்நாடு வரைக்கும் ஏறி வரும். விடியக்காலை மணல்மேட்டுல ஏறினப்ப மூக்குக்கண்ணாடி நனைஞ்சு, பல்லு தந்தியடிச்சுது. எங்க ஊரு மலை முனையில இருக்கிற லேடீஸ் சீட்ல நிக்கிற மாதிரியே இருந்துச்சு, கீழே சேலத்து விளக்குதான் இல்ல.

முகட்டுல ஒரு கறுப்பு வண்டு, கட்டைவிரல் நகம் அளவு. காத்து வர்ற பக்கம் பாத்து, பின்பக்கத்தைத் தூக்கி, தலையைக் கவுத்து நின்னுச்சு. டார்ச் அடிச்சுப் பாத்தா முதுகெல்லாம் பொடிப்பொடியா ஈரம். ரெண்டு மூணு சேந்து சொட்டாகி, வழுக்கி வாய்க்கு வந்துச்சு. கால் மணி நேரம் அது அசையல, நாங்களும் அசையல. தன் எடையில மூணுல ஒரு பங்கு வரைக்கும் இப்படியே குடிச்சது பதிவாகியிருக்காம். இன்னொரு வட்ட வண்டு அதைவிடக் கெட்டி: மணல்ல வரப்பு கட்டி, அதுல படியுற ஈரத்தை உறிஞ்சிக்குது. எங்க எஸ்டேட்டுல சில்வர் ஓக் இலையிலிருந்து மூட்டம் சொட்டுறதைப் பாத்தே வளர்ந்தவன் நான். தலையில விழுந்தா திட்டுவேன், அவ்வளவுதான்.

ஆறு வெறும் மணல். ஆனா கரை நெடுகப் பச்சை மரம். அடியில தண்ணி இருக்குன்னதை கூட வந்த ஜெர்மன் பையன் நம்பல. ஆத்தூர்ல என் பாட்டி வசிஷ்ட நதியில ஊத்து தோண்டிக் குடத்துல மொண்ட கதையைச் சொன்னேன். எங்களோட வந்த, அந்த ஆத்தோரமே வாழுற டோப்னார் இனத்துப் பெரியவர் தலையாட்டிச் சிரிச்சார். அவங்களும் ஆத்து மணல்ல தோண்டிக் குடிச்சவங்கதான்.

அந்த எட்டு நாள் போட்டோவுல எல்லாம் கோடு போட்ட இரவல் போர்வையோட இருக்கேன். அதுல ஒண்ணை அம்மா வாட்ஸ்அப் டிபியா வச்சிருக்காங்க.

சூரமங்கலம் அக்கா:

எனக்கு மூட்டமெல்லாம் இல்ல தம்பி, முள்ளுதான். அரிசோனாவுல படிச்சப்ப டூசான் பக்கம் சோனோரன் பாலைவனத்துக்குக் கூட்டிட்டுப் போனாங்க. பனைமரம் கணக்கா நிக்கிற சகுவாரோ கள்ளியை அண்ணாந்து பாத்துக்கிட்டே நடந்ததுல, கெண்டைக்கால்ல சோயா ஒட்டிக்கிச்சு. மீல் மேக்கர் இல்ல, அதுவும் ஒரு கள்ளி. லேசா உரசினாலே துண்டு கழண்டு வந்து குத்திக்கும். முள்ளு பூரா கொக்கி. கரட்டுல சப்பாத்திக்கள்ளி பாத்து வளர்ந்த தைரியத்துல பிடுங்கப் போனேன், கையும் மாட்டிக்கிச்சு. மேடம் அவசரமே படாம பையிலிருந்து தலை வார்ற சீப்பை எடுத்து, நடுவுல விட்டு ஒரே நெம்பு. தெறிச்சுப் போய் அடுத்த பையன் ஷூவுல ஒட்டிக்கிச்சு.