ட்ரெமலோவைக் கோப்பில் எழுதிப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

மார்த்தாண்டத்திலிருந்து:
கேரல் ஆராதனைக்கு எங்கள் சபைப் பாடகர் குழுவோடு வயலின்களும் ஒரு செல்லோவும் சேர்ந்தன. நோட்ஸ் தட்டுகிற வேலை என் தலையில் விழுந்தது. எல்லாம் மியூசிக் எக்ஸ்எம்எல்தான், அதாவது மேற்கத்திய இசைத் தாளைக் கம்ப்யூட்டரில் எழுதிவைக்கிற கோப்பு வடிவம். ட்ரெமலோ என்றால் ஒரே சுரத்தையோ, இரண்டு சுரங்களை மாற்றி மாற்றியோ வேகமாகத் திரும்பத் திரும்ப வாசிப்பது.

ஒரே சுரத்தில் நடுங்குகிற ட்ரெமலோ சுலபம். வகை ‘சிங்கிள்’, மதிப்பு 3 என்று போட்டால் நோட்டின் தண்டில் (அதன் செங்குத்துக் கோட்டில்) மூன்று சாய்கோடு வந்துவிடும். ஒரு பீட் நீளும் குவார்ட்டர் நோட்டில் அது 8 வில் இழுப்பு. அரை பீட் நீளும் எட்டாம் நோட்டுக்கு ஏற்கெனவே ஒரு கொடி இருக்கிறதே, அங்கே அதே வேகத்துக்கு 2 கோடு போதும்.

இரண்டு சுரங்களுக்கு நடுவே ஆடுவதுதான் படுத்தி எடுத்தது. 4 பீட் பார் (ஒரு தாளக் கட்டம்) முழுக்க தோ, மீ, தோ, மீ என்று வாசிக்கத் தாளில் தலா 4 பீட் மதிப்புள்ள இரண்டு ஹோல் நோட் போடுவார்கள். கூட்டினால் 8 பீட்! ஒலிப்பதோ தலா 2 பீட். அதனால் வடிவம் ஹோல், கால அளவு அதில் பாதி, கூடவே ‘1 நோட்டின் நேரத்தில் 2’ என்கிற கால மாற்றம், முதல் நோட்டில் ‘ஸ்டார்ட்’, அடுத்ததில் ‘ஸ்டாப்’. இவ்வளவும் வேண்டும். வெளியிலிருந்து வந்த ஒரு கோப்பில் அந்த 2:1 விட்டுப்போயிருந்தது. திறந்ததும் பார் நிரம்பி வழிந்தது. ட்ரிப்லெட்டுக்குள் (2 நோட்டின் நேரத்தில் 3) வந்தால் 3:2-ஐயும் இதையும் பெருக்கி 6:2 என்று எழுத வேண்டும்.

நாகர்கோவிலிலிருந்து:
அண்ணே, நான் எம்.இ.ஐ. பக்கம், அதுவும் இசைக்கான ஒரு கோப்பு வடிவம்தான். அங்கே இரண்டுக்கும் தனித்தனி உறுப்பு: ஒரே சுரத்தில் நடுங்குகிற வில் ட்ரெமலோவுக்கு ‘பி-ட்ரெம்’, இரண்டு சுரங்களுக்கு நடுவே ஆடுகிற விரல் ட்ரெமலோவுக்கு ‘எஃப்-ட்ரெம்’. எனக்குப் பிடித்தது வேறு. தண்டில் எத்தனை கோடு என்பது ஒரு பண்பு, ஒவ்வொரு இழுப்பும் எவ்வளவு நேரம் என்பது இன்னொரு பண்பு. பார்வைக்கு ஒன்று, காதுக்கு ஒன்று. எண்ணி வாசிப்பதா, எண்ணாமலா என்றும் சொல்லிவிடலாம்.

தக்கலையிலிருந்து:
லில்லிபாண்டில் (எழுத்தாகத் தட்டினால் இசைத் தாள் ஆக்கித் தரும் மென்பொருள்) ‘ரிப்பீட் ட்ரெமலோ 8’ போட்டு, உள்ளே இரண்டு பதினாறாம் நோட்டு. உங்கள் 4 பீட் பார் முடிந்தது.

கருங்கலிலிருந்து:
கோப்பு எனக்குத் தெரியாது மக்கா, வயலின் தெரியும். நிமிஷத்துக்கு 120 பீட் போகிற பாட்டில் மூன்று கோட்டை யார் எண்ணுவா? விநாடிக்கு 16 இழுப்பு! மணிக்கட்டைத் தளர்த்தி வில் நுனியில் நடுக்குவோம், அவ்வளவுதான். கம்ப்யூட்டர் அதை எண்ணி வாசிச்சா தையல் மெஷின் ஓடுகிற மாதிரி கேட்கும்.

மார்த்தாண்டத்திலிருந்து:
கேட்டது, அண்ணே. பாடகர்களுக்கு அனுப்புகிற பயிற்சி ஒலிக்கோப்பில் வயலின் வரிகளில் நீண்ட சுரம் மட்டும் ஒலிக்கும்படி மாற்றிவிட்டேன். அச்சுத் தாளில் மூன்று கோடும் அப்படியே இருக்கிறது. செல்லோவுக்கு மட்டும் ஒற்றைக் கோடு. அந்த எட்டாம் நோட்டுகளை எண்ணித்தான் வாசிக்க வேண்டும், ஆல்டோ (பெண்களின் கீழ்க்குரல்) உள்ளே நுழைவது அதைக் கேட்டுத்தான்.