ஆட்டோமேட்டிக் காரைக் கயிறு கட்டி இழுக்கலாமா? அவசரம்

பாலாற்றங்கரை:
மாமனார் வீட்டுக்கு அச்சிறுபாக்கம் வந்த இடத்தில் கார் நின்றுவிட்டது. ரேடியேட்டர் ஓஸ் வெடித்துத் தண்ணீர் முழுக்க இறங்கிவிட்டது, ஸ்டார்ட் பண்ணவே கூடாது என்று உள்ளூர் மெக்கானிக் சொல்லிவிட்டார். எனக்குத் தெரிந்த ஒர்க்‌ஷாப் செங்கல்பட்டில் இருக்கிறது, நாற்பது கிலோமீட்டருக்குப் பக்கம். பொலிரோவில் கயிறு கட்டி இழுத்துப் போய்விடலாம், நியூட்ரலில் போட்டால் போதும் என்கிறார் மாமனார். லோடு வண்டி, டிராக்டர் எல்லாம் இப்படி இழுத்துப் பழகியவர். என்னுடையது சிவிடி ஆட்டோமேட்டிக், முன் சக்கர டிரைவ். எனக்கு மனசு ஒப்பவில்லை, ஆனால் அவரிடம் என்ன காரணம் சொல்வது என்றும் தெரியவில்லை.

பழைய மெக்கானிக்:
இழுக்காதீர்கள் தம்பி. ஆட்டோமேட்டிக்கில் கியர் பாக்ஸுக்குள் ஆயிலைச் சுற்றவிடும் பம்ப், இன்ஜின் ஓடினால்தான் ஓடும். நியூட்ரலில் போட்டாலும் சக்கரம் உருளும்போது கியர் பாக்ஸில் ஒரு பகுதி கூடவே சுற்றும், அதுவும் ஆயில் போகாமல் சுற்றும். மேனுவலில் பல்சக்கரங்கள் ஆயிலில் முங்கிக் கிடந்து சுற்றும்போதே வாரித் தெளித்துக்கொள்ளும், அதனால் மாமனார் சொல்வது அவர் இழுத்த வண்டிகளுக்குச் சரிதான், அதை அப்படியே அவரிடம் சொல்லுங்கள், கோபப்பட மாட்டார். சிவிடியில் இன்னும் மோசம். இரண்டு புல்லிகளுக்கு நடுவே ஓர் இரும்பு பெல்ட், அதை இறுக்கிப் பிடிப்பதே ஆயில் பிரஷர்தான். பிரஷர் இல்லாமல் உருண்டால் பெல்ட் வழுக்கிப் புல்லியில் கோடு போட்டுவிடும்.

இப்படி இழுத்து வந்த ஒரு வண்டியை நானே பிரித்திருக்கிறேன். ஆயில் சட்டியைக் கழற்றினால் உள்ளே இருக்கும் காந்தத்தில் இரும்புத் தூள் கண்மை அப்பியது போல் ஒட்டியிருந்தது, ஆயிலில் கருகிய வாடை. பேட்டரி, ஆல்டர்னேட்டர் கோளாறுக்காக வந்த வண்டி, கடைசியில் கியர் பாக்ஸ் மாற்றிக்கொண்டு போனது.

ஃப்ளாட்பெட் லாரியில், அதாவது காரை முழுசாக மேலே ஏற்றிக்கொண்டு போகும் தட்டையான லாரியில் ஏற்றுங்கள். கிடைக்காவிட்டால் முன் சக்கரம் இரண்டையும் தூக்கி இழுக்கும் வண்டி போதும், ஹேண்ட் பிரேக்கை மட்டும் எடுத்துவிட வேண்டும். நாலு சக்கர டிரைவ் என்றால் அதுவும் ஆகாது, ஃப்ளாட்பெட்தான். எலக்ட்ரிக் காரும் அப்படியே, சக்கரம் சுற்றினால் மோட்டார் கரண்ட் உற்பத்தி செய்ய ஆரம்பித்துவிடும்.

பாலாற்றங்கரை:
நன்றி ஐயா, ஃப்ளாட்பெட்டுக்கே சொல்லிவிட்டேன். இன்னொரு சிக்கல், இரண்டு நாளாகக் கதவு சரியாகச் சாத்தாமல் இருந்ததில் பேட்டரியும் இறங்கிவிட்டது. கியர் லீவர் பி-யை (பார்க்கிங்) விட்டு நகரவே மாட்டேன் என்கிறது. இழுக்கும் கொக்கியை எங்கே மாட்டுவது என்றும் தெரியவில்லை, பம்பருக்குக் கீழே குனிந்து பார்த்தால் ஒன்றுமே இல்லை.

ரெக்கவரி வண்டிக்காரன்:
கொக்கி உங்கள் டிக்கியில் இருக்கும் சார். ஸ்டெப்னி பக்கத்தில் ஜாக்கி, ஸ்பேனரோடு ஒரு கனமான இரும்பு வளையம், நுனியில் மரை. முன் பம்பரில் சின்ன சதுர மூடி இருக்கும், ஸ்க்ரூ டிரைவரில் துணி சுற்றி நெம்பினால் பெயின்ட் போகாமல் வந்துவிடும். வளையத்தைக் கையால் கடைசி வரை திருகி, அப்புறம் வீல் ஸ்பேனர் கம்பியை உள்ளே விட்டு இறுக்குங்கள். சில வண்டிகளுக்கு இடது மரை, எதிர்ப்பக்கம் திருகினால்தான் ஏறும். அரைகுறையாக ஏறிய வளையம் பிடுங்கிக்கொண்டு வந்தால் ஆளையே அடித்துவிடும், அதனால் இதில் அவசரம் வேண்டாம். நேராக மட்டும்தான் இழுக்க வேண்டும், பக்கவாட்டில் இழுத்தால் வளைந்துவிடும்.

லீவருக்குப் பக்கத்தில் ஒரு குட்டி மூடி இருக்கிறதா பாருங்கள், அதைத் திறந்து உள்ளே சாவியாலோ ஸ்க்ரூ டிரைவராலோ அழுத்திக்கொண்டு, பிரேக்கையும் மிதித்தபடி நகர்த்தினால் நியூட்ரலுக்கு வரும். ஹேண்ட் பிரேக் பட்டன் மாடல் என்றால் கரண்ட் இல்லாமல் விடாது, பொலிரோ பேட்டரியிலிருந்து கேபிள் போட்டு இக்னிஷனை மட்டும் ஆன் பண்ணுங்கள், இன்ஜினைத் தொட வேண்டாம். ஏற்றும்போதும் சாவி ஆனில் இருந்தால்தான் ஸ்டியரிங் பூட்டாது.

லாரி வந்ததும் நாலு பக்கமும் போட்டோ எடுத்துவையுங்கள். முன் பம்பர் தாழ்வாக இருந்தால் சரிவில் உரசும், சக்கரத்துக்கு அடியில் பலகை போடச் சொல்லுங்கள். மேலே ஏறியதும், காரை இழுத்து ஏற்றிய வின்ச் ஒயரை நம்பிப் போகவே கூடாது, நாலு டயருக்கும் பெல்ட் போட வேண்டும். கீழே கைக்கு எட்டும் ஏதோ ஒரு கம்பியில் செயினை மாட்டி இறுக்குகிறவர்களும் இருக்கிறார்கள், விடாதீர்கள், சக்கரத்தைப் பிடித்திருக்கும் சஸ்பென்ஷன் ஆர்ம் வளைந்துவிடும். பத்து கிலோமீட்டர் போனதும் பெல்ட்டை ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள், தளர்ந்திருக்கும்.

பழைய மெக்கானிக்:
மேனுவல் வைத்திருப்பவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் ஒரு வார்த்தை. கயிறு கட்டி இழுத்தால் இரண்டு வண்டிக்கும் இடைவெளி 5 மீட்டரைத் தாண்டக் கூடாது, வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள், பின்னால் வரும் வண்டியில் லைசென்ஸ் உள்ளவர் உட்கார வேண்டும், அதன் பின்புறம் ‘ஆன் டோ’ (இழுத்துச் செல்லப்படுகிறது) என்று எழுதி மாட்ட வேண்டும். இதெல்லாம் சட்டத்திலேயே இருக்கிறது. இன்ஜின் ஓடாததால் இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பிரேக் கல்லாகிவிடும், ஸ்டியரிங்கும் கனக்கும், வீட்டில் இருக்கும் சின்னப் பையனை உட்கார வைத்துவிடாதீர்கள். தேசிய நெடுஞ்சாலை நடுவிலேயே நின்றுவிட்டால் 1033 என்ற உதவி எண்ணுக்கு அடியுங்கள்.

பாலாற்றங்கரை:
வண்டி செங்கல்பட்டு வந்து சேர்ந்துவிட்டது. லீவர் பக்கத்து மூடியை என் மனைவிதான் கண்டுபிடித்தாள், இத்தனை வருஷம் ஓட்டியும் நான் கவனித்ததே இல்லை. மாமனார் பொலிரோவில் பின்னாலேயே வந்தார். மேல்மருவத்தூரில் டீக்கு நிறுத்தியபோது ஒரு பெல்ட் நிஜமாகவே தளர்ந்திருந்தது, டிரைவரைக் கூப்பிட்டு அவரே நின்று இறுக்க வைத்தார். ஓஸோடு தெர்மோஸ்டாட்டும் மாற்ற வேண்டுமாம், நாளை மதியம் வண்டி கிடைக்கும்.