அன்பளிப்பும் அதிகாரமும்: அமெரிக்காவில் கேள்வி கேட்பது யார் பொறுப்பு?

செங்காங் வாசகி:

அனைவருக்கும் வணக்கம். 2024 அக்டோபரில் நம் சிங்கப்பூரின் முன்னாள் போக்குவரத்து அமைச்சர் திரு ஈஸ்வரனுக்கு 12 மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அரசுத் தரப்பு கேட்டது ஆறு முதல் ஏழு மாதம்தான். நீதிபதி அதையும் தாண்டிப் போனார். இசை நாடகங்களுக்கான நுழைவுச்சீட்டுகள், காற்பந்து ஆட்டங்களுக்கான சீட்டுகள், விஸ்கி, பிராம்டன் சைக்கிள் என்று அவர் பெற்றதாக வழக்கில் வந்த பொருள்களின் மொத்த மதிப்பு ஏறத்தாழ 400,000 வெள்ளி. அந்தச் செய்தியைப் படித்த நாளில் எனக்கு வருத்தமும் இருந்தது, நாட்டின் மீது நம்பிக்கையும் இருந்தது.

2025 மே மாதத்தில் கத்தார் அரசு தந்த போயிங் 747 விமானத்தை அமெரிக்கத் தற்காப்பு அமைச்சு ஏற்றுக்கொண்டது. அதன் மதிப்பு சுமார் 400 மில்லியன் டாலர் என்று செய்திகள் கூறின. அதிபரின் பயணங்களுக்கு அது பயன்படும் என்றும், பதவிக்காலம் முடிந்தபின் அவருடைய அதிபர் நூலகத்துக்குச் சென்றுவிடும் என்றும் அதிபர் டிரம்ப்பே வெளிப்படையாகச் சொன்னார். வெளிநாட்டு அரசுகளிடமிருந்து, அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் ஒப்புதல் இல்லாமல், பதவியில் இருப்பவர் எந்தப் பரிசும் பெறக் கூடாது என்று அந்நாட்டு அரசமைப்புச் சட்டத்தின் முதல் பிரிவிலேயே எழுதியிருக்கிறது. விமானம் அதிபருக்கு அல்ல, அமைச்சுக்குத்தான் வந்தது என்பது அரசாங்கத்தின் விளக்கம்.

தொடக்கக் கல்லூரியில் படிக்கும் என் மகள் பொதுத்தாள் பாடத்துக்காக இந்த இரண்டையும் ஒப்பிட்டு எழுத விரும்புகிறாள். "அங்கே சட்டமே இல்லையா, அல்லது சட்டம் இருந்தும் கேட்க ஆள் இல்லையா?" என்று அவள் கேட்டதற்கு என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. விவரம் அறிந்தவர்கள் தயவுசெய்து விளக்குங்கள். யார் நல்லவர், யார் கெட்டவர் என்ற வாதம் எனக்கு வேண்டாம். அங்கே பொறுப்புக்கூறல் எப்படி நடக்கிறது, எங்கே தடைபடுகிறது என்பதுதான் வேண்டும்.

ஈசூன் வாசகர்:

சகோதரிக்கு வணக்கம். பல காலம் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் எழுத்தராக வேலை பார்த்தவன் நான். ஓய்வுபெற்ற பிறகும் தீர்ப்புகளைப் படிக்கும் பழக்கம் என்னை விடவில்லை. உங்கள் மகளின் கேள்வியில் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். சட்டம் இருக்கிறது. ஆனால் அந்தச் சட்டம் எதை நிரூபிக்கச் சொல்கிறது என்பதில்தான் நமக்கும் அவர்களுக்கும் உள்ள வேறுபாடு கிடக்கிறது.

திரு ஈஸ்வரன் குற்றத்தை ஒப்புக்கொண்ட ஐந்து குற்றச்சாட்டுகளில் நான்கு, நமது தண்டனைச் சட்டத் தொகுப்பின் 165-வது பிரிவின் கீழ் வந்தவை. 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தை அடியொற்றி நம்மிடம் வந்த பழைய பிரிவு அது. தம் அலுவலோடு தொடர்புடைய ஒருவரிடமிருந்து ஒரு பொதுப் பணியாளர் மதிப்புள்ள பொருளை இலவசமாகவோ குறைந்த விலைக்கோ வாங்கினாலே அது குற்றம். அதற்குப் பதிலாக அவர் என்ன செய்துகொடுத்தார் என்று அரசுத் தரப்பு காட்ட வேண்டியதில்லை. இந்த வழக்கில் முதலில் ஊழல் தடுப்புச் சட்டத்தின் கீழ் இருந்த இரண்டு குற்றச்சாட்டுகள், பின்னர் இந்தப் பிரிவுக்கு மாற்றப்பட்டன என்பதையும் உங்கள் மகள் கவனிக்க வேண்டும்.

அமெரிக்காவில் உச்ச நீதிமன்றம் எதிர்த்திசையில் நடந்து வந்திருக்கிறது. வெர்ஜீனியா மாநில ஆளுநராக இருந்த பாப் மெக்டோனல், புகையிலையில் உள்ள ஒரு வேதிப்பொருளை வைத்துச் சத்து மாத்திரை தயாரித்த ஒரு நிறுவனத்தின் தலைவரிடமிருந்து ரோலெக்ஸ் கைக்கடிகாரம், கடன்கள், மகளின் திருமண விருந்துச் செலவு என 175,000 டாலருக்கும் மேற்பட்ட பயன்களைக் குடும்பத்தோடு பெற்றார். ஜூரி அவரைக் குற்றவாளி என்றது. 2016-இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. அதிகாரிகளோடு ஒரு சந்திப்புக்கு ஏற்பாடு செய்வதும், ஒரு நிகழ்ச்சியை நடத்திக்கொடுப்பதும் மட்டுமே சட்டம் சொல்லும் 'அலுவல் செயல்' ஆகிவிடாது என்பது நீதிமன்றத்தின் முடிவு.

இந்தியானா மாநிலத்தில் போர்ட்டேஜ் என்ற சிறிய நகரின் மேயர் ஜேம்ஸ் ஸ்னைடர் வழக்கு இன்னும் தெளிவானது. அவர் காலத்தில் அந்த நகர நிர்வாகம் 2013-இல் ஒரு லாரி நிறுவனத்திடமிருந்து சுமார் 1.1 மில்லியன் டாலருக்குக் குப்பை லாரிகளை வாங்க ஒப்பந்தம் போட்டது. அடுத்த ஆண்டு அந்த நிறுவனம் மேயருக்கு 13,000 டாலருக்குக் காசோலை கொடுத்தது. ஆலோசனைக் கட்டணம் என்றார் மேயர். கீழ்நீதிமன்றங்கள் அதை ஏற்கவில்லை. 2024 ஜூனில் உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் அவர் பக்கம் நின்றது: மாநில, உள்ளூர் அதிகாரிகளுக்கான அந்தக் கூட்டாட்சிச் சட்டம், வேலைக்கு முன்பே பேசிவைத்த லஞ்சத்தைத்தான் தடுக்கிறது, வேலை முடிந்தபின் நன்றியாகத் தரப்படும் தொகையைத் தடுக்கவில்லை என்றது. மறுப்புத் தீர்ப்பு எழுதிய நீதிபதி ஜாக்சன், சட்டத்தின் வாசகம் அதற்கு இடம் தரவில்லை என்று கடுமையாகவே எழுதினார். நான் இரண்டையும் படித்தேன். எனக்கு அவர் சொல்வதுதான் சரியென்று படுகிறது. வேலைக்கு முன்பு ரகசியமாகப் பேசி வைத்துக்கொண்டு, வேலைக்குப் பின்பு நன்றி என்ற பெயரில் காசோலை வாங்குகிறவர்களை இனி எப்படிப் பிடிப்பது?

ஆனாலும் அங்கே யாருமே தண்டிக்கப்படுவதில்லை என்று நினைக்க வேண்டாம். நியூ ஜெர்சி செனட்டராக இருந்த பாப் மெனெண்டஸ் வீட்டில் தங்கக் கட்டிகளும், உடைகளுக்குள்ளும் காலணிகளுக்குள்ளும் திணித்து வைத்த ரொக்கமும் சிக்கின. கொடுத்தது என்ன, பெற்றது என்ன என்று கோத்துக்காட்ட முடிந்தது. 2025 ஜனவரியில் 11 ஆண்டுச் சிறை. கோத்துக்காட்ட முடியாத இடத்தில், அதே அளவு பணம் கைமாறியிருந்தாலும், வழக்கு நிற்காது.

உட்லண்ட்ஸ் வாசகர்:

ஈசூன் ஐயா சொன்னது மேயருக்கும் ஆளுநருக்கும் பொருந்தும். அதிபரிடம் வரும்போது நிலைமை வேறு. சகோதரி சுட்டிய அரசமைப்புச் சட்ட வாசகம் ஒரு காலத்தில் மிகவும் மதிக்கப்பட்டது. 1840-இல் மஸ்கட் ஆட்சியாளர் ஒரு கப்பலில் அரபுக் குதிரைகளையும் முத்துகளையும் அனுப்பியபோது, அதிபர் வான் பியூரன் அவற்றைத் தாமாக ஏற்க மறுத்து, காங்கிரஸிடம் எழுதிக் கேட்டார். காங்கிரஸ் அனுமதி தந்தபின் குதிரைகள் விற்கப்பட்டுப் பணம் கருவூலத்துக்குப் போனது.

அதிபர் அப்படிக் கேட்கவில்லையென்றால் என்ன ஆகும் என்பதை அந்த வாசகம் சொல்லவில்லை. டிரம்ப்பின் முதல் பதவிக்காலத்தில் அவருடைய ஹோட்டல்களில் வெளிநாட்டு அரசுகள் செலவழித்த பணத்தைக் குறித்து மூன்று வழக்குகள் போடப்பட்டன. காங்கிரஸ் உறுப்பினர்கள் 200-க்கும் மேற்பட்டோர் சேர்ந்து போட்ட வழக்கில், தனித்தனி உறுப்பினர்களுக்கு வழக்குத் தொடரும் தகுதி இல்லை என்று 2020-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. மற்ற இரண்டும் அவர் பதவியை விட்டுப் போய்விட்டதால் 2021 ஜனவரியில் காலாவதியாகிவிட்டன. நான்கு ஆண்டுகள் வழக்காடியும், அந்தப் பணம் சட்டப்படி சரியா தவறா என்று உச்ச நீதிமன்றம் ஒரு வரிகூடச் சொல்லவில்லை. என்னை இன்றும் வேதனைப்படுத்துவது இதுதான். தோற்றிருந்தால்கூடப் பரவாயில்லை, ஒரு பதில் கிடைத்திருக்கும்.

பதவிநீக்கத் தீர்மானம் இருக்கிறதே என்பீர்கள். கீழவை சாதாரணப் பெரும்பான்மையில் குற்றம் சாட்டலாம்; மேலவையான செனட் சபையில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். 2021-இல் டிரம்ப்பின் சொந்தக் கட்சியினர் ஏழு பேர் எதிர்த்து வாக்களித்தும் 57-க்கு 43 என்றுதான் வந்தது. இன்றுவரை எந்த அதிபரையும் செனட் சபை இப்படி நீக்கியதில்லை. குற்றவியல் வழிக்கும், 2024 ஜூலை 1-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் பெரும் வேலி போட்டது: அதிபரின் அடிப்படை அரசமைப்பு அதிகாரங்களைச் சார்ந்த செயல்களுக்கு வழக்கிலிருந்து முழுப் பாதுகாப்பு; மற்ற அலுவல் செயல்களுக்கும் பாதுகாப்பு உண்டு என்றே தொடக்கத்தில் கொள்ள வேண்டும், அதை முறியடிப்பது அரசுத் தரப்பின் பொறுப்பு.

உள்ளிருந்து கண்காணிப்பவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதிபர் நிக்சன் பதவி விலகக் காரணமான வாட்டர்கேட் ஊழலுக்குப் பிறகு, 1978-இல் பல அமைச்சுகளில் தலைமை ஆய்வாளர் என்ற பதவி சட்டப்படி உருவாக்கப்பட்டது. அவர்களை நீக்கினால் 30 நாள் முன்னதாகக் காரணத்தோடு காங்கிரஸுக்குத் தெரிவிக்க வேண்டும். 2025 ஜனவரி 24, வெள்ளிக்கிழமை இரவு, ஏறக்குறைய 17 பேர் மின்னஞ்சல் மூலம் நீக்கப்பட்டார்கள். அது சட்டவிரோதம் என்று செப்டம்பரில் ஒரு கூட்டாட்சி நீதிபதி தீர்ப்பளித்தார். ஆனால் அவர்களை மீண்டும் அமர்த்த உத்தரவிடவில்லை, ஏனெனில் அதிபர் 30 நாள் அறிவிப்புக் கொடுத்து மறுபடியும் நீக்கிவிட முடியும்.

செங்காங் வாசகி:

இருவருக்கும் மிக்க நன்றி. மகளும் உடன் அமர்ந்து படித்தாள். அவளுக்கு ஒரு சந்தேகம்: மெக்டோனல் வழக்கில் ஒன்பது பேரும் (அப்போது எட்டுப் பேர் என்று நினைக்கிறேன்) ஒருமித்து எப்படி அவரை விடுவித்தார்கள்? எல்லா நீதிபதிகளும் ஒரே கட்சி சார்ந்தவர்கள் இல்லையே.

ஈசூன் வாசகர்:

எட்டுப் பேர்தான், நீதிபதி ஸ்காலியா அந்த ஆண்டு பிப்ரவரியில் காலமாகியிருந்தார்.

பாசிர் ரிஸ் வாசகி:

உங்கள் மகளின் சந்தேகம் மிக நல்ல சந்தேகம். பரிசு வாங்குவது சரி என்று அந்த நீதிபதிகள் சொல்லவில்லை. மக்கள் பிரதிநிதி ஒருவர் தம் தொகுதிக்காரருக்கு அதிகாரியைச் சந்திக்க உதவுவதையெல்லாம் குற்றமாக்கும் அளவுக்குச் சட்டம் அகன்றிருந்தால், அரசு வழக்கறிஞர் யார் மீது வேண்டுமானாலும் வழக்குப் போடலாம் என்று அவர்கள் அஞ்சினார்கள். அந்த அச்சத்தை நான் ஒதுக்கிவிட மாட்டேன், ஏனெனில் அமெரிக்காவில் கூட்டாட்சி அரசு வழக்கறிஞர்கள் அதிபருக்குக் கீழ் வருகிறார்கள்; வழக்கைத் தொடங்கும் கையும் நிறுத்தும் கையும் ஒன்றுதான்.

நியூயார்க் மேயராக இருந்த எரிக் ஆடம்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டவர்களிடமிருந்து சொகுசுப் பயணச் சலுகைகள் பெற்றதாக 2024 செப்டம்பரில் அவர் மீது குற்றம் சாட்டப்பட்டது, அவர் மறுத்தார். 2025 பிப்ரவரியில் வாஷிங்டனில் இருந்த நீதி அமைச்சு வழக்கைக் கைவிடச் சொன்னது. அதற்குக் கீழ்ப்படிய மறுத்து நியூயார்க்கின் தற்காலிகத் தலைமை அரசு வழக்கறிஞரும் வேறு சிலரும் பதவி விலகினார்கள். ஏப்ரலில் வழக்கைத் தள்ளுபடி செய்த நீதிபதி, குடிநுழைவுக் கொள்கையில் ஒத்துழைப்புக்குப் பதிலாக இந்தச் சலுகை தரப்பட்டதுபோல் தெரிகிறது என்ற கருத்தைத் தீர்ப்பிலேயே பதிவு செய்தார். ஆனால் அரசுத் தரப்பே நடத்த விரும்பாத வழக்கை நடத்தும்படி நீதிமன்றத்தால் கட்டாயப்படுத்த முடியாது.

நம் ஊரில் லஞ்ச ஊழல் புலனாய்வுப் பிரிவு பிரதமர் அலுவலகத்தின் கீழ்தான் இருக்கிறது. திரு ஈஸ்வரன் விவகாரத்திலும் அதன் இயக்குநர் 2023 ஜூலையில் பிரதமரின் ஒப்புதலைப் பெற்றுத்தான் முறையான விசாரணையைத் தொடங்கினார். பிரதமர் மறுத்திருந்தால், நம் அரசமைப்புச் சட்டத்தின் 22ஜி பிரிவின்படி நம் அதிபரின் இசைவோடு தொடர்ந்திருக்க முடியும். அந்த இரண்டாவது கதவு இதுவரை பயன்பட்டதாக வெளியே தெரியவில்லை; ஆகவே அதன் வலிமையை அளவுக்கு மீறிப் புகழவும் நான் தயாராக இல்லை. அமெரிக்கக் கூட்டாட்சி அமைப்பில் அப்படியொரு இரண்டாவது கதவு இல்லை. முன்பு அதிபர் தரப்பை விசாரிக்க நீதிமன்றம் நியமிக்கும் சுயேச்சை வழக்கறிஞர் என்ற ஏற்பாடு சட்டமாக இருந்தது. 1999-இல் அந்தச் சட்டத்தைப் புதுப்பிக்காமல் இரு கட்சிகளும் விட்டுவிட்டன.

எஞ்சியிருப்பது காங்கிரஸ் குழுக்களின் அழைப்பாணை. அது யார் கையில் பெரும்பான்மை இருக்கிறது என்பதைப் பொறுத்தது. உங்கள் மகள் கட்டுரைக்கு நான் பரிந்துரைக்கும் எடுத்துக்காட்டு இதுதான். 2019-இல் கீழவைக் குழு டிரம்ப்பின் கணக்காய்வு நிறுவனத்திடம் ஆவணங்களைக் கேட்டு அழைப்பாணை அனுப்பியது. வழக்கு 2020-இல் உச்ச நீதிமன்றம் வரை போய்க் கீழே திரும்பியது. 2022 செப்டம்பரில்தான் சமரசம் ஏற்பட்டு ஆவணங்கள் வரத் தொடங்கின. 2023 ஜனவரியில் கீழவையில் பெரும்பான்மை டிரம்ப்பின் கட்சிக்கு மாறியது, புதிய குழுத் தலைமை அந்த வேலையைத் தொடரவில்லை. அதற்குள் கையில் கிடைத்த தாள்களை மட்டும் வைத்து, குறைந்தது 20 நாடுகளின் அரசுகள் முதல் பதவிக்காலத்தில் அவருடைய நிறுவனங்களுக்கு 7.8 மில்லியன் டாலர் செலுத்தியிருந்ததாகச் சிறுபான்மைக் கட்சியினர் 2024 ஜனவரியில் அறிக்கை வெளியிட்டார்கள். அவர்கள் கேட்ட மற்ற ஆவணங்கள் அந்த நிறுவனத்திடமே இருந்துவிட்டன.